கயிற்றுக்கு அந்தப் பக்கம்

அக்கா,

நேற்று மதியம் உங்கள் தம்பி வந்திருந்தார். ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டைக் காலி செய்து, சாவியை வீட்டு ஓனரிடம் ஒப்படைத்துவிட்டு நேராகப் புத்தூருக்கு வந்திருக்கிறார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஒரு துணிப்பையை நீட்டினார்.

"இதை உங்ககிட்ட குடுக்கணும்னு அக்கா ஒண்ணும் சொல்லலைங்க. தூக்கிப் போட எனக்கு மனசு வரல. நீங்க ரெண்டு பேரும் வருஷா வருஷம் அங்க போவீங்களே, அதான்."

அவர் போன பிறகு பையைத் திறந்தேன். உங்கள் நீலத் தொப்பி. உள்பட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய், வியர்வை, அதற்கு அடியில் அந்தக் கடலோரச் சேற்றின் வாடை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

புடவை கட்டி, கொண்டை போட்டு, அதற்கு மேல் இந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய முதல் நாளில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "யார் பாத்தா என்ன ஜெசி, வெயில் எனக்குத்தானே அடிக்குது" என்றீர்கள். அந்த ஊரின் பெயரையோ அந்தப் பறவைச் சரணாலயத்தின் பெயரையோ நாம் இருவரும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. "அங்க" என்போம். "அங்க போற நாள் வருது." "அங்க மழையாம்." இந்தக் கடிதத்திலும் அதைச் சொல்லப் போவதில்லை.

நமக்குள் பழக்கம் பிள்ளைகளால் வந்தது. ஆறாம் வகுப்பில் உங்கள் கார்த்தியும் என் லியோவும் ஒரே பெஞ்சு. புத்தூரில் கணக்கு டியூஷன் முடியும்வரை மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருப்போம். நீங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தீர்கள். வேலை முடிந்து அந்த வெள்ளைக் கோட்டோடேயே வருவீர்கள். நான் காலேஜ் ஆபீசில் கிளார்க். பிள்ளைகள் எட்டாவது படிக்கும்போது உங்கள் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனார். அதற்குப் பிறகு கார்த்தி பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நாங்கள் வரும்போது எங்கள் கேட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திக் காத்திருப்பான். "ஆன்ட்டி, மீன் குழம்பா?" என்று வாசனையை வைத்தே கேட்பான்.

அவனுக்குப் பறவைப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று உங்களுக்கும் தெரியாது. கொள்ளிடத்து மணலில் காலையில் போய் உட்கார்ந்திருப்பான். காலேஜ் இரண்டாம் வருடத்தில் நீங்கள் அவனுக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தீர்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிறான் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். மூன்றாம் வருடம், பொங்கல் லீவில், பூநாரை வந்திருக்கிறதாம் என்று லியோவையும் இழுத்துக்கொண்டு விடிகாலைப் பஸ்ஸில் கிளம்பினான். உங்களிடம் அனுமதி வாங்கித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தான். நானும் வாங்கிக் கொடுத்தேன். "சும்மா நடக்குற பாதைக்கா. குழந்தைங்ககூடப் போகுதாம்" என்றேன். அந்த வார்த்தையும் என்னுடையதுதான்.

சாயங்காலம் நாலரை மணிக்கு லியோவின் போன் வந்தது. பேச்சு வரவில்லை. வேறு யாரோ போனை வாங்கிப் பேசினார், வனக் காவலர். என் வீட்டுக்காரர் ஒரு கார் பிடித்தார். உங்களை ஸ்ரீரங்கத்தில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் தாண்டும்வரை உங்களிடம், "அடிபட்டிருக்காம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். மன்னார்குடி பக்கத்தில் நீங்கள் திடீரென்று, "டிரைவர், ஏசியை நிறுத்துங்க" என்றீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே, "அவன் இல்ல, அப்படித்தானே?" என்றீர்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு பெஞ்சில் லியோ உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரை காய்ந்த சேறு. நீங்கள் அவனைத்தான் முதலில் கட்டிக்கொண்டீர்கள். "உனக்கு ஒண்ணும் ஆகலையே, கண்ணு" என்றீர்கள். அவன் உடம்பு கட்டைபோல் விறைத்திருந்ததை நான் பார்த்தேன். அதிர்ச்சி என்று நினைத்தேன்.

போலீசிடமும் உங்களிடமும் அவன் சொன்னது இதுதான்: தண்ணீர் குடிக்க மரநிழலில் நின்றுவிட்டேன், கார்த்தி முன்னால் போனான், பையையும் கேமராவையும் பாதையில் வைத்துவிட்டுப் பறவைகளைக் கிட்டப் போய்ப் பார்க்கக் பாதையோரக் கயிற்றைத் தாண்டிச் சேற்றில் இறங்கியிருக்கிறான், நான் வந்து பார்க்கும்போது ஓடையில் கழுத்துவரை போய்விட்டான், ஓடிப் போய்க் காவலரைக் கூட்டி வந்தேன். எல்லாரும் நம்பினோம். நம்பாமல் இருக்க அப்போது யாருக்கும் தெம்பு இல்லை.

ஓயாமாரி சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக் கூடாது என்று உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நீங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். கொள்ளியை உங்கள் தம்பி கையிலிருந்து வாங்கிக்கொண்டவரும் நீங்கள்தான்.

சரியாக ஒரு மாதம். சாம்பல் புதன். கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்த லியோ நேராகச் சமையல்கட்டுக்கு வந்தான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நான்தாம்மா அவனைக் கூப்பிட்டேன்."

கத்தி என் கையில் நின்றுவிட்டது.

கயிற்றை முதலில் தாண்டியது லியோதான். மேலே உப்புப் பொருக்கு கெட்டியாக இருந்தது. கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் பூநாரைக் கூட்டம் பின்னால் தெரிகிற மாதிரி நின்று, கார்த்தியைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறான். பிறகு திரும்பி வந்து கேமராவை வாங்கிக்கொண்டு, "இப்ப நீ போ" என்றிருக்கிறான். கார்த்தி தயங்கியிருக்கிறான். "ஒண்ணும் ஆகாதுடா, நான் போயிட்டு வந்துட்டேன்ல" என்று சொன்னவன் என் பிள்ளை. கார்த்தி அவனைவிட நாலு எட்டு அதிகமாகப் போய்விட்டான். அங்கேதான் ஓடை. மேலே பாசி மூடி, தரையைப் போலவே தெரிந்திருக்கிறது.

"கையை நீட்டினாம்மா. நான் போகல. ரெண்டு அடி வெச்சேன், என் காலும் உள்ள போச்சு. திரும்பிட்டேன். திரும்பி ஓடிட்டேன்."

காவலர் குடிசை ஒன்றரைக் கிலோமீட்டர். கடல் ஓதம் ஏறுகிற நேரம்.

அவன் அழவில்லை. "ஆன்ட்டிகிட்ட சொல்லிடறேம்மா" என்றான்.

அக்கா, இதை உங்களிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று சொன்னதில் ஒரு பகுதியை விட்டுவிட்டேன். அவன் சொல்லத்தான் வந்தான். தடுத்தவள் நான். "பாவசங்கீர்த்தனம் பண்ணிக்க. சாமியார்கிட்ட சொல்லு, ஆண்டவர்கிட்ட சொல்லு. வேற யார்கிட்டயும் வாயைத் திறக்காத. அவங்க தாங்க மாட்டாங்க" என்றேன். நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்றா பயந்தேன்? இல்லை. போலீஸ், கேஸ், அவனுடைய படிப்பு, நாலு பேர் பேச்சு. அதையெல்லாம் உங்கள் பெயரில் போர்த்தி மூடினேன்.

அந்த நாள் முதல் வருடம் திரும்பி வந்தபோது நீங்கள்தான் கேட்டீர்கள். "அவன் நடந்த பாதையை நான் நடந்து பாக்கணும். துணைக்கு வர்றியா?" வர முடியாது என்று எந்த வாயால் சொல்வேன்?

பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகை. இது எளிய நடைபாதை, சிறுவரும் முதியோரும் நடக்கலாம், கயிற்றைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். நீங்கள் அதை ஒரு எழுத்து விடாமல் படித்தீர்கள். பிறகு நடந்தோம். உண்மையிலேயே எளிய பாதைதான், அக்கா. ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. இரண்டு பக்கமும் குட்டையான பாலை மரங்கள், கடல்காற்றில் ஒரே திசையில் சாய்ந்தவை. காலடியில் மணல். கொஞ்ச தூரத்தில் காடு விலகிப் புல்வெளி வரும். வெளிமான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். அதற்கப்புறம் ஒரு திருப்பம். திரும்பியதும் வானம் கீழே இறங்கி வந்துவிட்ட மாதிரி வெளி. கண்ணுக்கு எட்டிய வரை சேறு, அதன்மேல் உப்பு, தூரத்தில் வெள்ளையும் ரோஜாநிறமுமாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் பறவைகள். பாதையோரம் கட்டைகளை நட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். மூட்டுவலி உள்ளவர்கள்கூட முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

காவலர் கூடவே வந்து, எந்த இடம் என்று கை காட்டினார். அவர்தான் அவனை வெளியே இழுத்தவர். "தம்பி முகம் அமைதியாத்தான் இருந்துச்சும்மா" என்றார். உங்களுக்காகச் சொன்ன பொய். நீங்களும் அது பொய்யென்று தெரிந்தேதான் தலையாட்டினீர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் நின்றேன். உங்கள் முதுகைப் பார்த்து நிற்பது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டாம் வருடமும் போனோம். புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தீர்கள். திரும்பும் வழியில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நீங்கள் கார்த்தியின் கதைகளைச் சொல்வீர்கள். நான் என்னிடம் இருந்தவற்றைச் சொல்வேன். சில கதைகளுக்குச் சிரித்தோம்கூட. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது.

கார்த்தி இறந்த வருடமே லியோ காலேஜை விட்டுவிட்டான். மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில் ஆபீசில் போய் உட்கார்ந்தான். காலையில் போவான், வருவான், சாப்பிடுவான். சிரிப்பதில்லை. நீங்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்பீர்கள்: "லியோ ஏன் வரவே மாட்டேங்கறான்? எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தானே." வேலை அதிகம் அக்கா என்பேன்.

மூன்றாம் வருடம் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் பேசியதை இன்றைக்கும் வரிமாறாமல் சொல்ல முடியும்.

"ஜெசி, நான் ஒண்ணு யோசிச்சிட்டே இருக்கேன். அந்தக் கேமராவை நான் வாங்கிக் குடுக்கலைன்னா அவன் இங்க வந்திருக்கவே மாட்டான். நான்தான் அவனைக் கொன்னிருக்கேன்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா."

"தினமும் காலைல எழுந்ததும் முதல்ல அதுதான் நினைப்பு வருது. பல்லு விளக்கும்போது வருது. மருந்து எடுத்துக் குடுக்கும்போது வருது." கயிற்றுக்கு அப்பால் பார்த்தீர்கள். "ஆனா ஒண்ணு புரியல. பறவையைப் படம் எடுக்கன்னே வந்தவன், கிட்டப் போறப்ப கேமராவைக் கீழ வெச்சுட்டா போவான்? அந்தக் கேமராவுல ஒரு பொட்டுச் சேறு இல்லையே."

நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தூரத்துப் பறவைகளைப் பார்த்துத்தான் கேட்டீர்கள். நான் அப்போதும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கேமராவை வாங்கிக் கொடுத்த கை உங்களுடையது என்று நீங்கள் உங்கள் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். லியோ முதலில் போனது, கூப்பிட்டது, கார்த்தி கை நீட்டியது, லியோ திரும்பி ஓடியது.

கைகளைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டீர்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் மாசமே சொல்லிட்டான்க்கா."

"முதல் மாசமே" என்று திருப்பிச் சொன்னீர்கள். கணக்குப் போடுவதுபோல் விரலை மடக்கினீர்கள். "அப்புறம் மூணு தடவை என்கூட இந்தப் பாதையில நடந்திருக்க. என் புளிசாதத்தைச் சாப்பிட்டிருக்க."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தியிருந்தால்கூட. நீங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தீர்கள். உங்களுக்கு எட்டிப் போட்டு நடந்து பழக்கமில்லை. ஆனால் அன்று என்னால் உங்களைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் வேறொரு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். திருச்சி வந்ததும் இறங்கி, ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினீர்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் என்னைத் தாண்டித்தான் போயிற்று. நீங்கள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகு ஒரு வருடம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி மருந்து கவுண்டருக்கு வந்து வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது நீங்கள் எழுந்து உள்ளே போய்விட்டீர்கள். பக்கத்தில் இருந்த பெண், "உங்களுக்கு என்ன மாத்திரைம்மா?" என்றாள். என் கையில் சீட்டு எதுவும் இல்லை.

லியோவிடம் சொன்னேன், ஆன்ட்டிக்குத் தெரிந்துவிட்டது என்று. "நல்லது" என்றான். அவன் வாயில் மூன்று வருடத்தில் வந்த ஒரே நல்லது அது.

நாலாவது வருடம், அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், அவனுடைய போனுக்கு உங்கள் அழைப்பு வந்தது. எனக்கில்லை, அவனுக்கு. "சனிக்கிழமை காலைல பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னீர்களாம். அந்தச் சனிக்கிழமை முழுவதும் நான் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பொழுது சாய்ந்து வந்தவன் காலைக் கழுவிவிட்டு, முன்பு உட்கார்ந்த அதே சமையல்கட்டுக் கதவோரத்தில் உட்கார்ந்தான். நானும் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவன் சொல்லச் சொல்ல, எனக்கு அந்தப் பாதை கண்முன்னால் விரிந்தது.

போகும்போது பஸ்ஸில் நீங்கள் பேசவில்லையாம். கயிற்றுக்குப் பக்கம் போனதும், "நீ எங்க நின்ன?" என்றீர்களாம். காட்டினான். "அவன்?" காட்டினான்.

"போட்டோ எடுத்தியா?"

"எடுத்தேன் ஆன்ட்டி. அன்னைக்கே அழிச்சிட்டேன். பயத்துல."

"அதுல எப்படி இருந்தான்?"

"சிரிச்சிட்டிருந்தான்."

"கால் உள்ள போனதும் என்ன சொன்னான்? பொய் சொல்லாம சொல்லு."

"முதல்ல முட்டி வரைக்கும்தான் போச்சு. அப்ப விளையாட்டாத்தான் இருந்துச்சு ஆன்ட்டி. 'ஷூ போச்சுடா, அம்மாகிட்ட சொல்லிடாத'ன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் பயந்துட்டான்."

"என்னைக் கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான்."

இதைக் கேட்டதும் நீங்கள் அந்த மணலில் உட்கார்ந்துவிட்டீர்களாம். லியோவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பிறகு நீங்கள் சொன்னீர்களாம்: "நீ உள்ள இறங்கியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. அது எனக்குத் தெரியுது. தெரியறதால எனக்கு ஒண்ணும் குறையல." எழுந்து மணலைத் தட்டிவிட்டு மறுபடி: "உனக்கு அப்ப இருபது வயசு. பயந்த. உன்னை நான் ஒரு நாள் மன்னிச்சுடுவேன்னு நினைக்கிறேன். உங்கம்மாவை முடியும்னு தோணல."

லியோ இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான். நான், "சரிதான்டா, அவங்க சொன்னது சரிதான்" என்றேன். அன்றைக்கு அவன் அழுதான். நாலு வருடத்து அழுகை. நான் எழுந்துபோய் அவனைத் தொடப் பயந்துகொண்டு அங்கேயே இருந்தேன்.

அந்த வருடம் ஐப்பசி மழையில்தான் உங்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். கல்லீரல், பரவிவிட்டது. நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே மேல்மாடியில் படுக்கை. போகலாமா வேண்டாமா என்று மூன்று நாள் கீழே ரோட்டில் நின்று ஜன்னல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நாலாம் நாள் படியேறினேன். உங்கள் தம்பி கதவோரம் நின்றார். அவருக்கு எதுவும் தெரியாது. "வாங்க, வாங்க, அக்கா முழிச்சுத்தான் இருக்காங்க" என்று உள்ளே அனுப்பிவிட்டார்.

பாதியாகிப் போயிருந்தீர்கள். கண் மட்டும் பழைய கண். என்னைப் பார்த்தீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள் என்று காத்திருந்தேன்.

"உக்காரு" என்றீர்கள்.

பதினோரு நாள் வந்தேன். ஆபீசுக்கு முன்னால் ஒரு தடவை, ஆபீஸ் விட்டு ஒரு தடவை. வீட்டிலிருந்து கஞ்சி கொண்டு வருவேன். தலையைத் தாங்கிப் பிடித்து ஸ்பூனால் ஊட்டுவேன். "இன்னும் கொஞ்சம் உப்பு." "போதும்." "தலையணையை உயர்த்து." இவ்வளவுதான் பேச்சு. அந்த நாளைப் பற்றியோ அந்தப் பாதையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. ஒரு நாள் லியோவும் வந்தான். நீங்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டீர்கள். அவன் மில்லுக்குப் போகாமல், கையை எடுக்காமல், மத்தியானம் வரை நின்றுகொண்டே இருந்தான்.

பத்தாவது நாள் என்னால் முடியவில்லை. வாயைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அக்கா, என்னை மன்னிச்சிட்டீங்களா?"

நீங்கள் கண்ணை மூடினீர்கள். தூங்கிவிட்டீர்களோ என்று நினைத்தேன்.

"கேக்காத ஜெசி" என்றீர்கள். "கேட்டா நான் பதில் சொல்லணும்."

மறுநாளும் வந்து ஊட்டினேன். இரண்டு ஸ்பூன் இறங்கியது. அதற்கடுத்த நாள் காலையில், நான் ஆபீசில் சர்டிபிகேட்டுகளுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் தம்பி போன் செய்தார்.

பெண்கள் வரக் கூடாது என்று இந்தத் தடவையும் சொன்னார்கள். நான் ஓயாமாரிக்கு வந்தேன். கொஞ்சம் தள்ளி நின்றேன். லியோ கிட்டப் போனான்.

இந்தத் தை மாதம் தனியாக அங்கே போய்விட்டு வந்தேன், அக்கா. உங்கள் தம்பி வருவதற்கு ஐந்து நாள் முன்னால். லியோ கூட வருகிறேன் என்றான். வேண்டாம், நான் ஒருத்தியாகப் போக வேண்டும் என்றேன். பழைய காவலர் ரிட்டயர் ஆகிவிட்டார். புதுப் பையன் ஒருவன் டிக்கெட் கிழித்தான். மரங்கள் அப்படியே இருக்கின்றன. இந்த வருடம் தண்ணீர் அதிகம். பறவைகள் கரைக்கு நெருங்கி வந்திருந்தன.

திருப்பத்தில் திரும்பியபோது சிரிப்புச் சத்தம் கேட்டது. காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர், இரண்டு பையன்கள், ஒரு பெண். ஒரு பையன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பத்தடி போயிருந்தான். இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பின்னால போடா, பேர்ட்ஸ் வரல" என்றான்.

என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே தெரியாத சத்தம். பறவைகள் எழும்பிவிட்டன. பையன் அப்படியே நின்றான்.

"வெளிய வா! வந்த தடத்துலயே கால் வெச்சு வா!"

வந்தான். கயிற்றைத் தாண்டியதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. மூன்று பேரும் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அந்தப் பெண், "என்னாச்சுங்க ஆன்ட்டி?" என்றாள்.

"இங்க ஒரு பையன் செத்துப் போனான். கார்த்தின்னு பேரு. இருபது வயசு. கூட வந்தவன்தான் உள்ள போகச் சொன்னான். அது என் பையன். என் பையன் சொல்லித்தான் அவன் போனான். நான் அதை மூணு வருஷம் அவங்க அம்மாகிட்ட சொல்லல. என் பையன் சொல்ல வந்தான், நான்தான் சொல்லக் கூடாதுன்னு அவன் வாயை மூடிட்டேன்."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. போன் வைத்திருந்த பையன் அதைப் பைக்குள் போட்டான். "சாரி ஆன்ட்டி" என்றான். யாரிடம், எதற்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பிறகு மெதுவாக நடக்கத் தொடங்கினார்கள். திருப்பம் தாண்டியதும் ஏதோ பேசிக்கொண்டார்கள். மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பற்றியாகவும் இருக்கலாம். மூன்று குரல்களும் தனித்தனியாகக் கேட்டன. கேட்காமல் போகும்வரை நின்றேன்.

நான் விட்டுவிட்ட அந்தப் பகுதியைக் கடைசியில் முழுதாகச் சொன்னது, பெயர் தெரியாத மூன்று பிள்ளைகளிடம். அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள். பதினோரு நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பைக் கேட்க வாய் வந்தது, இதைச் சொல்ல வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன், அக்கா. இதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

ஜெசி